கரையும் ஆணிக்குப் பூசியவள்

ஆஷிஃபா என்ற பெயரை நபீசா முதன்முதலில் கேட்டபோது அவள் கைகள் இரண்டும் முலாம் தொட்டிக்கு மேலே இருந்தன. குத்துவிளக்கின் உச்சியில் செருகுகிற அன்னத்தைக் கம்பியில் கட்டித் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். தம்பிக்குப் பெண் பார்க்க ராணிப்பேட்டைக்குப் போயிருந்த அவளுடைய அத்தா ஹனீஃபா, வீட்டுக்குள் கூடப் போகாமல் நேரே பட்டறைக்குள் வந்து, "பொண்ணு பேரு ஆஷிஃபாம்மா" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றுமில்லை. "முலாம் எப்படிப் பிடிக்குதுன்னு எங்கிட்டயே கேள்வி கேக்குது அந்தப் பொண்ணு" என்று சொல்லிச் சிரித்தார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் கேள்வி கேட்டதாம். இவர் உட்கார்ந்து பதில் சொன்னாராம். அத்தா அப்படிச் சிரித்து நபீசா பார்த்து வெகு காலமாகியிருந்தது. கரன்ட்டைக் குறைக்க வேண்டிய நேரத்தில் குறைக்க மறந்தாள். அன்னம் ஒரு பக்கம் கருகிப் போயிற்று. அவள் கைவேலையில் அதற்கு முன்னால் அப்படி ஆனதே கிடையாது.

ஹனீஃபாவின் பட்டறை ஒலிமுகமது பேட்டையில் இருக்கிறது. கோயில் கலசம், குத்துவிளக்கு, கொலுசு, கல்யாணத் தாம்பாளம் என்று எது வந்தாலும் வெள்ளி முலாமோ தங்க முலாமோ ஏற்றிக் கொடுப்பார்கள். அவருக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் நபீசா. பல வருஷம் கழித்துப் பிறந்தவன் அர்பாஸ். நபீசாவை வேலூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை, ஹனீஃபாவின் சகலைக்குத் தூரத்து உறவு. சவுதிக்குப் போனவன் போனில் பேசுவதைக் குறைத்தான், பிறகு நிறுத்தினான், அதற்குப் பிறகு தலாக் வந்தது. நபீசாவின் அம்மா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டாள். அந்த மட்டுக்கும் அவள் இதைப் பார்க்காமல் போனாள் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

திரும்பி வந்த நபீசா அடுப்படியில் முடங்கிவிடவில்லை. பட்டறையில் அத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள். பூந்திக்கொட்டை நுரையில் கழுவுவதிலிருந்து ஆரம்பித்து, தொட்டியின் நிறத்தைப் பார்த்தே அதற்கு என்ன குறை என்று சொல்கிற அளவுக்கு வந்தாள். "நபீசா கை பட்டா முலாம் நிக்கும்" என்று அத்தா யாரிடமோ சொன்னதை உள்ளேயிருந்து கேட்ட நாளில், சவுதிக்காரனை அவள் அடியோடு மறந்தாள்.

அர்பாஸுக்குப் பட்டறை பிடிக்காது. அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் கம்பெனியில் வேலை பார்த்தான். ஹனீஃபாவுக்கோ கை லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. அவருக்குப் பிறகு பட்டறை தன் கைக்குத்தான் என்று நபீசா எண்ணியிருந்தாள். ஆனால் அத்தா வாயைத் திறந்து அதை ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. பட்டறை போனால் தனக்கு அந்த வீட்டில் என்ன இடம் என்று நினைக்கவே அவள் பயந்தாள். இப்படி இருக்கும்போது வந்தாள் ஆஷிஃபா.

மருமகள் வந்தாள், கூடவே ஆற்காட்டு மக்கன்பேடா ஒரு தூக்கு நிறைய வந்தது. ஹனீஃபாவுக்குச் சர்க்கரை என்பதால் நபீசா அதை எடுத்து மேல் தட்டில் வைத்தாள். ஒன்றைப் பிட்டுப் பாதியை மாமனாருக்குக் கொடுத்தாள் ஆஷிஃபா. பாதி தின்றால் பாதிச் சர்க்கரை என்று அவள் சொன்ன கணக்குக்கு ஹனீஃபா விழுந்து விழுந்து சிரித்தார். இத்தனை வருஷம் அவர் வாயைக் கட்டிக் காப்பாற்றியவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆஷிஃபா மேல்விஷாரத்தில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள். கல்யாணத்துக்கு முன்பே ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரு சின்னக் கம்பெனியில் பயிற்சி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். என்ன வேலை என்று சாப்பாட்டு நேரத்தில் ஹனீஃபா கேட்டார். கேட்டதுதான் தப்பாகிப் போயிற்று.

"எலும்பு ஒடைஞ்சா ஸ்டீல் ஆணி வெச்சு நிறுத்தறாங்க இல்ல மாமா, அதை அப்புறம் திரும்ப அறுத்து எடுக்கணும். எங்க கம்பெனி ஆணி மக்னீசியம். எலும்பு கூடினதும் உடம்புக்குள்ளயே கரைஞ்சிடும். அதுக்கு மேல பூச்சு ஏத்தறதுதான் எங்க வேலை."

"கரைஞ்சு போறதுக்கு எதுக்கும்மா பூச்சு?" என்றாள் நபீசா. சிரிக்காமல்தான் கேட்டாள்.

"பூச்சு இல்லன்னா அவசரப்பட்டுக் கரைஞ்சிடும்க்கா. எலும்பு கூடறதுக்குள்ள ஆணி காணாம போயிடும். கரையும்போது வாயு வேற வருது, தோலுக்கு அடியில குமிழா நின்னுக்கும். அதனால பூச்சு கொஞ்ச நாள் தடுத்துக்கினு இருக்கணும். அப்புறம் அதுவும் போயிடணும்."

ஹனீஃபா கையிலிருந்த கவளத்தை வைத்துவிட்டார். முலாம் போகாமல் இருப்பதற்காக ஆயுள் முழுக்கப் பாடுபட்டவர் அவர். போக வேண்டிய நேரத்தில் போகிற பூச்சு ஒன்று இருக்கிறது என்று கேட்டதும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். எதில் முக்குவீர்கள், கரன்ட் எவ்வளவு, கீறல் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே போனார். கீறல் இருந்தால் உப்பு முதலில் அங்கேதான் அரிக்கும் என்றாள் அவள். இங்கேயும் கீறலில்தான் முதலில் கறுக்கும் என்றார் இவர். ரத்தத்தைப் போல உப்புச் சேர்த்த வெந்நீரில் ஆணியைப் போட்டு, மேலே குழாயைக் கவிழ்த்து, எவ்வளவு குமிழி வருகிறது என்று பிடித்துப் பார்ப்பார்களாம். கறி ஆறிப் போனது. நபீசா எழுந்து போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்து வைத்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து ஆஷிஃபா வேலை விட்டு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு பட்டறைக்கு வருவது வழக்கமாயிற்று. நபீசா எப்போதாவது டீ வைக்கவோ தொழவோ எழுந்து போனால், திரும்பி வரும்போது அந்த முக்காலியில் அவள் உட்கார்ந்திருப்பாள். நபீசாவைப் பார்த்ததும் எழுந்துகொள்வாள். ஆனால் அத்தா, "இருக்கட்டும் கண்ணு, அவ நின்னுக்குவா" என்பார். நபீசா நின்றாள்.

விளக்குகளை முலாமுக்குக் கொண்டுவரும் பாத்திரக்கடை துரைக்கண்ணு வாய் சும்மா இருக்காதவர். "இன்னா நபீசாம்மா, மருமக வந்ததுலேர்ந்து பாய் மொகத்துல புது முலாம் ஏறிக்கிச்சே" என்றார்.

"அது கரையற முலாம். ரொம்ப நாள் நிக்காது" என்றாள் நபீசா.

துரைக்கண்ணு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இரவில் படுத்துக்கொண்டு நினைத்துப் பார்ப்பாள். படித்தவள், வயசுக்காரி, பூச்சு என்றால் என்னவென்று தெரிந்தவள், அதற்கு மேல் ஆண்பிள்ளையின் பெண்டாட்டி. பட்டறையை அவளுக்குக் கொடுத்தால் ஊரில் யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? அப்படி ஒருவேளை கொடுத்தால், காலையில் எழுந்து தான் எங்கே போய் உட்காருவது?

பொறாமைக்குக் காது அதிகம். அத்தாவும் ஆஷிஃபாவும் பேசுவதில் ஒரு சொல்லையும் நபீசா தவற விடவில்லை. ஆணிக்கு எது ஆகும், எது ஆகாது என்பதெல்லாம் ஹனீஃபாவை விட நபீசாவுக்கு நன்றாகத் தெரிந்துபோயிற்று.

அந்த வருஷம் ரம்ஜான் முடிந்த பிறகு, கம்பெனியில் பூச்சு அறையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நிரந்தரமாக எடுப்பதாகச் சொன்னார்கள். ஆஷிஃபாவும், கூடப் பயிற்சியில் இருந்த விமல்ராஜ் என்பவனும் போட்டி. இருவருக்கும் ஒரே மாதிரி ஆணிகளைக் கொடுத்து, அவரவர் முறையில் தேய்த்துத் தயார் செய்து, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்காரர்கள் முன்னால் பூசிக் காட்டச் சொன்னார்கள். வேறு ஆணிகள் கைவசம் கிடையாது. பூச்சு சமமாக நிற்க வேண்டுமென்றால் தேய்ப்பு சமமாக இருக்க வேண்டும். மெஷினில் தேய்த்தால் முனை மழுங்குகிறது என்று ஆஷிஃபா அவற்றை வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

பட்டறையில் உட்கார்ந்து, மெல்லிசான உப்புத்தாளை ஸ்பிரிட்டில் நனைத்து, ஆணி ஆணியாகத் தேய்த்தாள். எண்ணெய்ப் பிசுக்குப் போவதற்காக ஸ்பிரிட் என்று ஹனீஃபா நினைத்துக்கொண்டார். அவளும் விளக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேய்ப்பு முடிந்தது. ஆணிகள் புதுப் பனி மாதிரி மின்னின. ஹனீஃபா லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து அர்பாஸ் வாசலில் வண்டியை முறுக்கினான். வாலாஜாபாத்தில் அவளுடைய சின்னம்மா வீட்டில் பாத்திஹா ஓதுகிறார்கள். கிளம்ப நேரமாகிவிட்டது.

ஆஷிஃபா ஆணிகளைக் காய்ந்த துணியில் பரப்பிவிட்டு, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டே சொன்னாள். "அக்கா, டப்பா மாடியில இருக்குது, வந்து எடுத்து மூடிக்கிறேன். இதுல தண்ணி மட்டும் படக் கூடாது. மாமா கிட்டயும் சொல்லிடுங்க."

"சொல்றேன், போ" என்றாள் நபீசா.

முலாம் வேலையில் ஒரு சட்டம் உண்டு. தேய்த்த உலோகம் காற்றைப் பார்க்கக் கூடாது. காற்றுப் பட்டால் மங்கும், மங்கினால் முலாம் பிடிக்காது. அதனால் தேய்த்த கையோடு தண்ணீரில் போட்டுவிடுவார்கள். தொட்டிக்குள் போகும் வரைக்கும் அது தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். ஹனீஃபாவின் அத்தா காலத்திலிருந்து அந்தப் பட்டறையில் இதுதான் நடந்து வருகிறது.

பள்ளியிலிருந்து வந்த ஹனீஃபா, ஆணிகள் துணியில் வெட்டவெளியாகக் கிடப்பதைப் பார்த்துப் பதறிப் போனார். நபீசா அப்போதுதான் டீ டம்ளரோடு உள்வாசலுக்கு வந்தாள். சொல்ல வேண்டும் என்றுதான் வந்தாள். வாயைக் கூடத் திறந்தாள்.

"பிள்ளை மறந்துட்டுப் போயிருக்குது பாரு" என்றார் ஹனீஃபா. சுவர்ப் பலகையிலிருந்து பித்தளைக் கும்பாவை எடுத்தார். அந்தக் கும்பாவில் அவர் நபீசா தேய்த்த சாமான்களைத்தான் போடுவார். வேறு யார் வேலையையும் அதில் போட்டதில்லை. அவள் பட்டறைக்கு வந்த புதிதில் அவளுக்கென்று அவரே துலக்கி ஒதுக்கியது. உப்பில்தானே இது கரையும் என்ற எண்ணத்தில் அதில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, நடுங்குகிற விரல்களால் ஒவ்வோர் ஆணியாக எடுத்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல உள்ளே விட்டார்.

நபீசா டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாலையில் ஆஷிஃபா போன் செய்தாள். சின்னம்மா விடமாட்டேன் என்கிறாள், விடியற்காலையில் வந்துவிடுகிறேன் என்றாள். ஆணிகளைப் பற்றிக் கேட்டாள். பத்திரமாக இருக்கிறது என்றாள் நபீசா. போனை வைத்த பிறகு கும்பாவைப் போய்ப் பார்த்தாள். ஆணிகளின் மேல் சோடாவில் எழும்புவது போலப் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்போது எடுத்துத் துடைத்திருந்தாலும் கொஞ்சம் தப்பியிருக்கும். அவள் ஒரு தட்டை எடுத்துக் கும்பாவை மூடினாள்.

காலையில் வந்தவுடன் ஆஷிஃபா துணியைத் தேடினாள். ஹனீஃபா பெருமையாகக் கும்பாவைக் காட்டினார். அவள் தட்டை எடுத்தாள். தண்ணீர் சுண்ணாம்பு கரைத்தது போல வெளுத்திருந்தது. ஆணிகள் சாம்பல் பூத்துக் கிடந்தன. பித்தளையைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கமெல்லாம் பூச்சி அரித்தது போலக் குழி விழுந்திருந்தது.

இது தண்ணீர் ஆகாத உலோகம் என்பதை ஹனீஃபாவுக்கு அவள் மெதுவாக எடுத்துச் சொன்னாள். தண்ணீருக்குள் பித்தளையும் இதுவும் தொட்டுக்கொண்டதில் இன்னும் வேகமாக அரித்துவிட்டது என்றாள். ஹனீஃபாவுக்கு அது விளங்காதா? இரண்டு உலோகம் தண்ணீரில் தொட்டால் இளைத்தது கரையும் என்பது அவர் தொழிலில் தினமும் பார்க்கிறதுதான். அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"காத்துப் படக் கூடாதுன்னு போட்டேன் கண்ணு. இனிமே இந்தக் கையை நம்பறதுக்கில்ல."

"உங்க தப்பு இல்ல மாமா. உங்க கிட்ட சொல்லாம போனது என் தப்பு" என்றாள் ஆஷிஃபா. நபீசா பக்கம் அவள் திரும்பக் கூட இல்லை.

அதுதான் நபீசாவைச் சுட்டது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். அழுதிருந்தால் உள்ளுக்குள் கொஞ்சம் ஆறியிருக்கும். இவளோ பழியையும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, அத்தாவின் கண்ணில் இன்னும் ஒரு பிடி உயர்ந்து நிற்கிறாள். நல்ல மனசு வந்து நபீசா உண்மையைச் சொன்னாள் என்று சொல்ல முடியாது. அந்த நல்ல பேரும் அவளுக்கே போவதைத் தாங்காமல் சொன்னாள்.

"பொய் சொல்றா அத்தா. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. நீங்க தண்ணியில போடும்போது நான் பார்த்துக்கினுதான் இருந்தேன்."

ஹனீஃபா நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா?"

"என் கும்பாவுல போட்டீங்க."

ஹனீஃபா கும்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார். "பட்டறை உனக்குன்னு நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன் நபீசா. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." மருமகள் பக்கம் திரும்பி, "உனக்கு இதுல எதனா ஆசை இருந்துச்சாம்மா?" என்றார்.

ஆஷிஃபா திகைத்துப் போனாள். "பட்டறையிலயா? எனக்குத் தொட்டி வாசனையே ஆகாது மாமா, தலை வலிக்கும். எனக்கு அத்தா இல்ல. உங்க கூடப் பேசத்தான் வந்துக்கினு இருந்தேன்."

நபீசா எதை உயிராகக் காத்துக்கொண்டிருந்தாளோ, அதன் மேல் ஆஷிஃபாவுக்கு ஒரு கண்ணும் இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அத்தா. தொட்டி, கம்பி, கும்பா எல்லாம் அப்படியே கைக்கு வந்த அந்த நிமிஷத்தில், நபீசாவுக்குப் பட்டறை காலியாகத் தெரிந்தது.

அரித்த ஆணிகளை எடுத்துக்கொண்டு ஆஷிஃபா கம்பெனிக்குப் போனாள். வீட்டில் தண்ணீர் பட்டுவிட்டது என்று மட்டும் சொன்னாளாம், யார் பெயரையும் எடுக்கவில்லை. அந்த வேலை விமல்ராஜுக்குப் போயிற்று. அவள் அவனுக்குக் கீழே பயிற்சியில் தொடர்ந்தாள். அர்பாஸ் அக்காவோடு பேசுவதை நிறுத்தினான். பக்ரீதுக்குத்தான் மறுபடி பேச்சு வார்த்தை வந்தது. வேறு ஆணிகள் வந்தபோது நபீசா ஒரு டப்பாவைத் துடைத்துக் காய வைத்து, ஒன்றும் சொல்லாமல் மாடிப்படியில் வைத்தாள். "தேங்க்ஸ்க்கா" என்று அதை எடுத்துக்கொண்ட ஆஷிஃபா, ஆணிகளை மாடியிலேயே வைத்துத் தேய்த்தாள். பட்டறைப் பக்கம் கொண்டுவரவில்லை.

ஹனீஃபாவும் பட்டறையில் உட்காருவது குறைந்தது. கை நடுக்கம் என்றார். ஆனால் காலையில் மருமகளோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடக்க அந்த நடுக்கம் குறுக்கே வரவில்லை. கம்பெனி பஸ் வரும் வரை இருவரும் நின்று ஆணியையும் பூச்சையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். துரைக்கண்ணு அந்த வழியாக வரும்போதெல்லாம் பார்த்துவிட்டு வந்து நபீசாவிடம் சொல்வார். சொல்ல வேண்டாம் என்று அவள் தடுத்ததே இல்லை. இன்றைக்கு என்ன பேசினார்கள் என்றுதான் கேட்பாள்.

ஆஷிஃபா இப்போது ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில், எலும்பு ஆணிகளுக்குப் பூச்சு ஏற்றும் அறையைப் பார்த்துக்கொள்கிறாள். அவளும் அர்பாஸும் வாலாஜாபாத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஹனீஃபாவும் அவர்களோடுதான் இருக்கிறார்.